பெரிய டிஎன்ஏ செல்லுக்குள் போகவே இல்லை, அவசரம்

சிப்புட்_பையன்: வணக்கம். சின்ன பிளாஸ்மிட் (வட்ட டிஎன்ஏ) போட்டால் மறுநாளே செல் எல்லாம் பச்சை. பெரியதைப் போட்டால் மூன்று தடவையும் ஒன்றுமே இல்லை. டிஎன்ஏவைச் செல்லுக்குள் கொண்டுபோகும் லிப்பிட் ரீஏஜென்ட் அதேதான், மைக்ரோகிராம் கணக்கும் அதேதான். அடுத்த வாரம் சூப்பர்வைசரிடம் காட்ட வேண்டும், உதவுங்கள்.

ரப்பர்கொட்டை: பெரியது என்றால் எவ்வளவு? என்ன செல்? பச்சையாக ஒளிரும் ஜிஎஃப்பி புரதத்துக்கு என்ன புரோமோட்டர் (ஜீனை இயக்கும் பகுதி)?

சிப்புட்_பையன்: மன்னிக்கவும். பேக் (பெரிய டிஎன்ஏ துண்டைத் தாங்கும் பாக்டீரியா செயற்கைக் குரோமோசோம்), 170 கிலோபேஸ், அதாவது 170 ஆயிரம் எழுத்து நீளம். செல் ஹெக் 293, லேபில் வளர்க்கும் மனிதச் செல். சிஎம்வி என்ற வைரஸின் புரோமோட்டர். சின்னது 5 கிலோபேஸ்.

ரப்பர்கொட்டை: அப்படியானால் அதே மைக்ரோகிராமில் மூலக்கூறு 34-இல் ஒரு பங்குதான் இருக்கும். இவ்வளவு நீளமான டிஎன்ஏ சைட்டோபிளாசத்தில் நகர்வதே கஷ்டம், செல் பிரியும்போது உட்கருச் சவ்வு கலைந்தால்தான் உள்ளே போக வழி. குறைவாக வந்தால் ஆச்சரியமில்லை, ஒன்றுகூட வரவில்லை என்பதுதான் இடிக்கிறது.

லேப்_வாத்தியார்: தம்பி, பேக் வந்தது 1992-இல். இதெல்லாம் படித்துவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். லிப்பிட்டை விடு, எலெக்ட்ரோபோரேஷன் செய், மின்துடிப்பால் செல் சவ்வில் துளை திறக்கும்.

பிறை_நிலா: ஜீனைச் சுமந்து போகும் லென்டிவைரஸில் ஏற்றிவிடுங்கள், சுலபம்.

லேப்_வாத்தியார்: லென்டி எட்டு ஒன்பது கிலோபேஸுக்கு மேல் சரியாகத் தாங்காது அம்மா.

பிறை_நிலா: ஹெர்பீஸ் வைரஸ் உறையில் ஏற்றும் ஆம்ப்ளிகான் 150 வரை தாங்குமே. எல்லோரையும் ஏன் மாணவர் மாதிரி பேசுகிறீர்கள்?

லேப்_வாத்தியார்: கேட்டது 170. கணக்குத் தப்பினால் சொல்லத்தான் செய்வேன்.

ரப்பர்கொட்டை: வைரஸ் பேச்சை வேறு இழையில் வைத்துக்கொள்ளுங்கள். தம்பி, டிஎன்ஏவை எங்கே வைத்திருந்தாய்? வோர்டெக்ஸ் (டியூபை வேகமாகக் குலுக்கும் கருவி) செய்தாயா?

சிப்புட்_பையன்: லேசாகச் செய்தேன். பினாங்கிலிருந்து கொண்டு வரும்போது இரவாகிவிட்டது, சுங்கை சிப்புட்டில் தோட்டத்து வீட்டு ஐஸ்பெட்டியில் மேலே வைத்தேன், கட்டியாகிவிட்டது. காலையில் ஈப்போ லேபில் மைனஸ் 20. ஒவ்வொரு தடவையும் உருக்கி எடுத்தேன்.

லேப்_வாத்தியார்: லேப் பொருளைச் சாப்பாட்டுப் பெட்டியில் வைக்கவே கூடாது. இதை யாரும் உனக்குச் சொல்லித் தரவில்லையா?

ரப்பர்கொட்டை: அவர் சொல்வது சரிதான், இனி வைக்காதே. ஆனால் செல்லைக் குறை சொல்லாதே, டிஎன்ஏ உறைந்து உறைந்து உருகியதில் துண்டு துண்டாகியிருக்கும், மிச்சத்தை வோர்டெக்ஸ் அறுத்திருக்கும். சின்ன பிளாஸ்மிட் இதையெல்லாம் தாங்கும், பேக் தாங்காது. டிஎன்ஏவை வெட்டும் நாட்1 என்சைம் போட்டு வெட்டி, மின்புலத் திசையை மாற்றி மாற்றிப் பெரிய டிஎன்ஏவைப் பிரிக்கும் பல்ஸ்டு ஃபீல்டு ஜெல்லில் ஓட்டிப் பார், சாதாரண ஜெல்லில் இந்த அளவு பிரிந்து தெரியாது. புதிதாக எடுத்தால் 4 டிகிரியில் வை, பிப்பெட் டிப் முனையை வெட்டி அகலமாக்கி மெதுவாக உறிஞ்சு, டியூபை விரலால் தட்டினால் போதும்.

பிறை_நிலா: ஜெல் படம் போடுங்கள், பார்க்கலாம்.

(ஒன்பது நாள் கழித்து)

சிப்புட்_பையன்: ஜெல்லில் பட்டையே இல்லை, வெறும் தீற்றல். புதிதாக எடுத்துப் போட்டேன், 48 மணி நேரத்தில் ஒரு குழியில் பதினோரு பச்சைச் செல். நன்றி ரப்பர்கொட்டை அக்கா. பஸ் வந்துவிட்டது, படம் அப்புறம் போடுகிறேன்.