சுவரெங்கும் அசையும் மறுமலர்ச்சிக்கால ஓவியங்கள்: உருப்படியானவை எவை?

கேள்வி:
போத்திச்செல்லியின் 'வீனஸின் பிறப்பு' ஓவியத்தை நான்கு சுவர்களிலும் தரையிலும் ஒளியாகப் பாய்ச்சிக் காட்டும் அரங்குக்குப் போயிருந்தேன். கூந்தல் பறந்தது, காலடி வரை அலை வந்தது. எனக்குப் பிடித்திருந்தது. உடன் வந்த ஓவிய மாணவியோ "இது வெறும் வேடிக்கை" என்கிறாள். இந்த வகையில் உருப்படியான ஆக்கங்கள் உண்டா?

பதில் 1:
அவர் சொல்வதுதான் சரி. ஃப்ளோரன்ஸின் உஃபிஸி அருங்காட்சியகத்தில் உள்ள அசல் ஓவியத்தின் அகலமே ஏறத்தாழ 2.8 மீட்டர்தான். அந்த அளவுக்கென்று இழுத்த மெல்லிய கோடுகள் சுவரளவுக்குப் பெரிதானால் எடுபடாது.

பதில் 2:
பெரிதாக்கிக் காட்டுவதோடு நின்றால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் காணொளிக் கலைஞர் பில் வயோலா 1995இல் செய்த 'தி கிரீட்டிங்' காணொளி ஆக்கத்தைப் பார்த்துவிட்டு யாரும் வேடிக்கை என்று சொல்ல மாட்டார்கள். இயேசுவின் தாய் மரியாளும் அவளுடைய உறவினள் எலிசபெத்தும் சந்திக்கும் பைபிள் காட்சியை இத்தாலிய ஓவியர் போன்தோர்மோ 1528–29 வாக்கில் தீட்டினார். அதிலிருந்து பிறந்தது இது. இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருக்க, மூன்றாமவள் வந்து ஒருத்தியை அணைத்துக் காதில் ஏதோ சொல்கிறாள். அவ்வளவுதான் சம்பவம். ஒரு நிமிடம்கூட ஆகாத அதை வயோலா பத்து நிமிடங்களுக்கு நீட்டியிருக்கிறார். காற்றில் உடையின் மடிப்பு உப்பி எழுந்து அடங்குவதற்குள், ஒதுக்கப்பட்டு நிற்கும் பெண்ணின் முகம் மெல்ல மாறிவிடுகிறது. நிஜ வேகத்தில் அது கண்ணில் படவே படாது. போன்தோர்மோவின் துணி மடிப்புகளை நான் கவனிக்கத் தொடங்கியதே இதற்குப் பிறகுதான். 2017இல் ஃப்ளோரன்ஸின் ஸ்ட்ரோஸி மாளிகை இரண்டையும் ஒரே கண்காட்சியில் வைத்தது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. அப்படியானால் சுவரளவுக் காட்சி எதுவுமே தேறாதா?

பதில் 2:
தேறும், சுவர் சரியானதாக இருந்தால். வெரோனேசே 1563இல் முடித்த 'கானாவூர்க் கல்யாணம்' வெனிஸில் ஒரு மடத்தின் உணவுக்கூடத்துக்கென்றே வரைந்தது. அகலம் ஏறத்தாழ 10 மீட்டர். 1797இல் நெப்போலியனின் படை அதைப் பாரிஸுக்குக் கொண்டுபோய்விட்டது. இன்றும் அங்கே லூவ்ர் அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. 2007இல் துல்லியமான நகல் ஒன்றைச் செய்து பழைய இடத்திலேயே பொருத்தினார்கள். 2009இல் திரைப்பட இயக்குநர் பீட்டர் கிரீனவே அந்த நகலின்மேல் ஒளியைப் பாய்ச்சி, விருந்தாளிகளை ஒருவரோடொருவர் பேசவைத்தார். எந்த அரங்கிலும் ஓட்டக்கூடிய படமல்ல அது. அந்தக் கூடத்துக்கே உரியது. ஒளிக்காட்சி முடிந்துவிட்டாலும் நகல் அங்கேயே இருக்கிறது. வெனிஸ் போனால் அந்த மடம் இருக்கும் சான் ஜோர்ஜோ மஜ்ஜோரே தீவில் இறங்கிப் பாருங்கள்.