கொச்சி யூதர் வரலாறு 1568-இல்தான் தொடங்குகிறதா?

வேம்பநாடன்:
மட்டாஞ்சேரி பரதேசிப் பள்ளியைப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிற எல்லோரும் "கொச்சியில் யூதர்கள் 1568 முதல்" என்று முடித்துவிடுகிறார்கள். அது அந்த ஒரு யூதப்பள்ளி கட்டப்பட்ட ஆண்டு, அவ்வளவுதான். அதே வளாகச் சுவரில் எபிரேய எழுத்தோடு ஒரு கல் பதித்திருக்கிறார்கள். பக்கத்துக் கொச்சங்காடியில் இருந்த பழைய யூதப்பள்ளியின் கல். ஆண்டு 1344. தரையில் இருக்கும் சீன ஓடுகளை விழுந்து விழுந்து பார்க்கிறவர்கள் இந்தக் கல்லைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பரதேசிகளுக்கு, அதாவது பிற்பாடு வெளிநாட்டிலிருந்து வந்த யூதர்களுக்கு, இருநூறு ஆண்டு முன்னாலேயே இங்கே சபை கூடியிருக்கிறது. அது இந்தக் கரையின் பழைய குடிகளான மலபாரி யூதர்களின் சபை. பிற்பாடு 'கறுப்பு யூதர்' என்று ஓரங்கட்டப்பட்டவர்கள்.

டச்சுக்கோட்டை:
ஒற்றைக் கல்லை வைத்துக்கொண்டு ஒரு சமூகத்தின் வரலாற்றை எழுத முடியாது சார். அந்தக் கட்டடமே இன்று இல்லை. பரதேசிகள் கதை அப்படியா? ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கமிருந்து விரட்டப்பட்டு வந்தார்கள். கொச்சி அரசர் தன் அரண்மனைக்கு ஒட்டினாற்போல இடம் கொடுத்தார். 1662-இல் டச்சுக்காரர்களுக்கு உதவினார்கள் என்று போர்த்துகீசியர்கள் பள்ளியைச் சூறையாடினார்கள். மறு வருடம் டச்சுக்காரர்கள் கொச்சியைப் பிடித்ததும் திரும்பக் கட்டிக்கொண்டார்கள். அப்புறம் டச்சுக் கம்பெனியோடு வணிகம் செய்த பரதேசிப் பெருவணிகர் எசக்கியேல் ரஹபி காலம், 1760-இல் மணிக்கூண்டு. வரலாறு என்றால் இப்படி விட்டுப்போகாமல் சொல்ல வர வேண்டும். புகழ்பெற்ற செப்பேடும் அவர்களிடம்தானே இருக்கிறது?

அஞ்சைக்களத்தான்:
செப்பேட்டை நீங்களே இழுத்துவிட்டீர்கள், நல்லதாகப் போயிற்று. சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் கி.பி. 1000 வாக்கில் முயிரிக்கோட்டில் (கொடுங்கல்லூர்) இருந்தபோது யூதர் தலைவர் யோசேப் ரப்பானுக்குக் கொடுத்தது அது. எழுத்து வட்டெழுத்து. யாராவது வாசித்துக் காட்டினால் தமிழ் தெரிந்தவர்களுக்குப் பாதிக்குமேல் புரியும். அஞ்சுவண்ணமும் (வணிகக் குழு உரிமை) எழுபத்திரண்டு வீடுபேறும் (சிறப்புரிமைகள்) கொடுத்தோம் என்கிறான். பகல்விளக்கு, நடந்து வர விரிக்கும் பாவாடை, பல்லக்கு, குடை, பறை, காளம் (ஊதுகொம்பு), தோரணம் என்று பட்டியல் நீள்கிறது. ஊரார் அரசனுக்குக் கட்டும் வரியை ரப்பான் கட்ட வேண்டாம், ஊரார் பெறுவதை எல்லாம் அவரும் பெறலாம். மகன், மகள், மருமகன் வரைக்கும் உரிமை போகும். வேணாடு, ஏறநாடு, வள்ளுவநாட்டுத் தலைவர்கள் சாட்சி.

இதெல்லாம் நடந்தது கொடுங்கல்லூரில். பரதேசிகள் வந்து சேர்ந்தது ஐந்நூறு ஆண்டு கழித்து. அடுத்தவர் வீட்டுப் பத்திரம் நம் பீரோவில் இருந்தால் வீடு நம்முடையதாகிவிடுமா?

டச்சுக்கோட்டை:
சரி, அது கொடுங்கல்லூர்ச் செப்பேடு என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அப்படியானால் வேம்பநாடனுக்கும் அதில் பங்கில்லை. நாம் பேசுவது கொச்சி என்ற நகரத்தைப் பற்றி.

வேம்பநாடன்:
அங்கேதான் தவறவிடுகிறீர்கள். பெரியாற்றில் பெருவெள்ளம் வந்து கொடுங்கல்லூர் துறை தூர்ந்ததும் கொச்சித் துறை திறந்ததும் 1341-இல் என்பார்கள். கொச்சங்காடிக் கல் 1344. மூன்றே ஆண்டில் பள்ளிக்குக் கல் பதிக்கிறார்கள் என்றால், துறைமுகம் நகர்ந்ததும் வணிகர்களும் சபையோடு கூடவே நகர்ந்திருக்கிறார்கள். கொச்சி நகரமும் கொச்சி யூதர்களும் ஏறக்குறைய ஒரே வயது.

டச்சுக்கோட்டை:
அந்த வெள்ளத்துக்கு அந்தக் காலத்துக் கல்வெட்டு ஒன்று காட்டுங்கள் பார்ப்போம்.

அஞ்சைக்களத்தான்:
வெள்ளத்தை விடுங்கள். சேந்தமங்கலத்தில் 'சாரா, இஸ்ரேலின் மகள்' என்று எபிரேயத்தில் வெட்டிய கல்லறைக்கல் இருக்கிறது, ஆண்டு 1269. அதற்கும் நானூறு ஆண்டு முன்னால், கொல்லத்தில் தரிசாப்பள்ளி என்ற கிறிஸ்தவத் தேவாலயத்துக்குக் கொடுத்த செப்பேட்டில் (849) எபிரேய எழுத்தில் பாரசீக மொழியில் சாட்சிக் கையெழுத்துகள் இருக்கின்றன. இந்தக் கரை முழுக்க அவர்கள் பரவியிருந்தார்கள். கொச்சியை மட்டும் தனித்தீவாக வெட்டி எடுக்க முடியாது.

நூலகத்து மீனா:
நடுவே வருகிறேன், மன்னிக்கவும். பரதேசிப் பள்ளி எழும்புவதற்கு முன்பே, 16ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், கொச்சியிலிருந்து கெய்ரோவில் இருந்த ரப்பி (யூத சமய அறிஞர்) டேவிட் இப்னு சிம்ராவுக்கு ஒரு கேள்வி போயிருக்கிறது. பணமும் செல்வாக்கும் உள்ள சிலர் மற்றவர்களை அடிமை வழியினர் என்று சொல்லிப் பெண் கொடுக்க மறுக்கிறார்கள், என்ன செய்வது என்று. முறைப்படி நீரில் முழுகி எழுந்துவிட்டால் அவர்களும் முழு யூதர்கள்தான், சம்பந்தம் செய்துகொள்ளலாம் என்று அவர் தீர்ப்புச் சொன்னார். கேட்டவர்கள் கேட்டதோடு சரி! 1686-இல் ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்த மோசஸ் பெரைரா டி பைவாவும் இரு தரப்புக்கும் கொண்டு கொடுத்தல் இல்லை என்றே எழுதினார்.

சண்டை போட ஒரு சபை வேண்டும் இல்லையா? ரப்பிக்கு எழுதிக் கேட்கும் அளவுக்குப் பிளவு முற்றிய சமூகம் 1568-இல் பிறந்தது என்றால் எப்படி ஒத்துக்கொள்வது? நம் ஊர்ச் சாதிக் கணக்கை எவ்வளவு சீக்கிரம் கற்றுக்கொண்டார்கள் என்பது தனிக் கதை.

டச்சுக்கோட்டை:
மீனா மேடம், அந்தக் கடிதத்தில் ஒதுக்கப்பட்டவர்கள்தான் 1344-இல் கல் பதித்தவர்களின் வாரிசுகள் என்பது உங்கள் ஊகம். விடாத தொடர்ச்சியைக் காகிதத்தில் காட்டக்கூடியவர்கள் பரதேசிகள் மட்டுமே.

வேம்பநாடன்:
காகிதம் யார் வீட்டில் தங்கும்? அரசருக்கும் டச்சுக் கம்பெனிக்கும் வேண்டியவர்கள் வீட்டில். அதே மட்டாஞ்சேரியில் மலபாரிகளின் கடவும்பாகம் பள்ளி இருந்தது. பரதேசிப் பள்ளியைவிடச் சில பத்தாண்டுகள் மூத்தது. சபை இஸ்ரேலுக்குக் குடிபோனதும் கட்டடம் கிடங்காகிப் பாழடைந்தது. 2019 மழையில் முன்பக்கம் சரிந்தது. உள்ளே இருந்த மரவேலைப்பாட்டை அதற்கு முன்பே கழற்றிக்கொண்டு போய் ஜெருசலேம் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் பொருத்திவிட்டார்கள். தொடர்ச்சி இல்லை என்பவர்கள் அங்கே போய்ப் பார்க்கட்டும்.

டச்சுக்கோட்டை:
டிக்கெட் நீங்கள் எடுத்துக் கொடுங்கள், போய்ப் பார்த்துவிட்டு வந்து பேசுகிறேன். அதுவரை எனக்கு 1568தான்.