‘மூலான் ரூஜில்’ ஓவியத்துக்கு அந்தப் பச்சை முகம் தேவையா?

மைக்கூடு:
பிரெஞ்சு ஓவியர் தூலூஸ்-லோத்ரெக், பாரிஸின் மூலான் ரூஜ் நடன விடுதியை 1892-95இல் வரைந்த ‘மூலான் ரூஜில்’ ஓவியத்தை நேத்து பெரிசாக்கிப் பார்த்தேன். நடுவில் மேசை, சுற்றிலும் அவர் சிநேகிதர்கள், முதுகு காட்டி உட்கார்ந்த செம்பட்டைத் தலைக்காரி, நடனக்காரி ஜேன் அவ்ரில். எல்லாம் சரி. வலது ஓரத்தில் மட்டும் பச்சையடித்த ஒரு பெண் முகம், பேய் மாதிரி. மே மில்டன் என்ற நடனக்காரியாம். ராத்திரி ஆடிப் பிழைக்கிறவளை இப்படிக் காட்டுவது வக்கிரம். பிரபுக் குடும்பத்துப் பிள்ளையான லோத்ரெக் காசு கொடுத்து வேடிக்கை பார்த்திருக்கிறார், அவ்வளவுதான்.

கரித்துண்டு:
பேய் இல்லை சார், விளக்கு. கரண்ட் போகும்போது தாடைக்குக் கீழே டார்ச் அடிச்சுக் கண்ணாடி பாருங்க. அந்த முகம் இல்லாமலும் இந்தப் படம் இருந்திருக்கு. வலது ஓரத்தையும் அடிப்பக்கத்தையும் ஒரு கட்டத்தில் வெட்டி எடுத்தாங்க. இந்த முகம் இருந்தா விலை போகாதுன்னு வியாபாரி வெட்டினாரா, ஓவியரே வெட்டினாரான்னு இன்னும் தீரலை. 1914க்குள் திரும்ப ஒட்டியாச்சு. வெட்டின மிச்சத்தை நினைச்சுப் பாருங்க: சிநேகிதர்கள் சேர்ந்து எடுத்த குரூப் போட்டோ!

தெற்குச்சன்னல்:
வேடிக்கை பார்த்தவர் தன்னையும் உள்ளே வரைஞ்சிருக்காரே. பின்னால் நெட்டையா போறவர் உறவுக்காரர் தாபியே. பக்கத்தில் குள்ளமா லோத்ரெக். சின்ன வயசில் ரெண்டு தொடை எலும்பும் உடைஞ்சு, அப்புறம் கால் வளரலை. (அப்பாவைப் பெத்தவளும் அம்மாவைப் பெத்தவளும் அக்கா தங்கச்சி. நம்ம முறைப்படி அண்ணன் தங்கச்சிக்குக் கல்யாணம்!)

மைக்கூடு:
தன்னைக் கேலி செய்துகொண்டால் அடுத்தவரையும் செய்யலாமா? பாடகி ஈவெத் கில்பேர் ‘இவ்வளவு கோரமாக வரையாதீர்கள்’ என்று இவரிடம் கெஞ்சியிருக்கிறார்.

கரித்துண்டு:
கெஞ்சினது நிஜம். 1894இல் அவரைப் பற்றி லோத்ரெக் போட்ட ஆல்பம் 100 பிரதி வந்துச்சு. அத்தனையிலும் கையெழுத்துப் போட்டதும் அதே அம்மாதான்.

மைக்கூடு:
வயிற்றுப்பாட்டுக்குப் போட்டிருப்பார். இதே படத்தில் பின்னால் கண்ணாடி முன் தலை சீவுகிறாளே நடனக்காரி லா கூலு, அவளை வைத்து 1891இல் போட்ட போஸ்டர்தான் இவரைப் பாரிஸ் முழுக்கப் பிரபலமாக்கியது. அவள் 1929இல் கையில் காசில்லாமல் செத்தாள்.

தெற்குச்சன்னல்:
அதுக்கு இவரைக் குற்றம் சொல்றது நியாயமில்லை. 1895இல் லா கூலு திருவிழாவில் தனியா கொட்டகை போட்டப்போ படம் கேட்டு லோத்ரெக்குக்குத்தான் கடிதம் எழுதினா. அவரும் முகப்புக்கு ரெண்டு பெரிய துணி ஓவியம் வரைஞ்சு கொடுத்தார். பின்னாடி வியாபாரி அதையும் துண்டு துண்டா வெட்டி வித்தான். இப்போ சேர்த்து பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகத்தில் வெச்சிருக்காங்க. இந்த ஆள் படம்னாலே கத்தரிக்கோலோடுதான் வருவாங்க போல.

மைக்கூடு:
கொட்டகை விஷயம் எனக்குத் தெரியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதே 1895இல் மே மில்டனுக்கு இவரே ஒரு போஸ்டர் போட்டிருக்கிறார். நீலப் பின்னணி, வெள்ளை உடை, பச்சை கிடையாது. விளம்பரத்துக்கு ஒரு முகம், ஓவியத்துக்கு ஒரு முகமா?

கரித்துண்டு:
பிகாசோ 1901இல் வரைஞ்ச ‘நீல அறை’யில் சுவரில் ஒட்டியிருக்கே, அந்த போஸ்டர்தானே? அதில் மே ஆடிக்கிட்டிருக்கா. இங்கே ஆடலை, நம்மைப் பார்த்து வந்துக்கிட்டிருக்கா. விளம்பரத்தில் இந்த முகத்தை எந்த முதலாளி விடுவான்?

மைக்கூடு:
யோசிக்க வைக்கிறீர்கள். ‘வக்கிரம்’ என்றதை மட்டும் இப்போதைக்கு வாபஸ் வாங்கவில்லை.