மரியாயின் சேனைக்கு அடுத்த தலைமுறை: உங்கள் பங்குக் கோவிலில் என்ன நடந்தது?

பாளையங்கோட்டை உறுப்பினர்:
மரியாயின் சேனை என்னும் கத்தோலிக்கப் பொதுநிலையினர் இயக்கத்தின் கிளையான எங்கள் பிரசீடியத்தில் ஐம்பது வயதுக்குக் குறைந்தவர் எவரும் இல்லை. ஆகவே செபமாலை மாதமான அக்டோபரில், இரண்டாம் பூசை முடிந்ததும் இளையோரைச் சேர்க்கக் கோவில் வாசலில் மேசை போட்டு அமர்ந்தோம். கல்லூரி மாணவி ஒருத்தி எங்கள் துண்டுத்தாளை நின்றபடியே முழுவதும் படித்துவிட்டு, “நான் சேர்ந்தால் இந்த வாரம் எனக்கு என்ன வேலை கொடுப்பீங்க?” என்று கேட்டாள். “முதல்ல கூட்டத்துக்கு வந்து உட்காரும்மா, வேலையெல்லாம் போகப் போகப் பார்க்கலாம்” என்றார் எங்கள் தலைவி. அவள் அந்தத் தாளை நான்காக மடித்து மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். வாரந்தோறும் ஒரு பணி ஒதுக்கப்பட வேண்டும் என்பது சேனையின் விதிகளைச் சொல்லும் கைநூலிலேயே இருக்க, அதைக் கேட்டவளையே திருப்பி அனுப்பினோம் என்பதை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை.

தூத்துக்குடி, சிறுவர் பிரசீடியத் தலைவர்:
தலைவியை மட்டும் குறை சொல்வது நியாயமன்று. கூட்டத்தைக் காணாமல் பணியைப் புரிந்துகொள்ள முடியாது. எங்களிடம் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன், கோவிலுக்கு வருவதை நிறுத்திவிட்ட முதியவர் ஒருவரை மூத்த உறுப்பினருடன் சென்று சந்தித்தான். அடுத்த கூட்டத்தில், மாதா சுரூபத்துக்கு முன் எழுந்து நின்று, “தாத்தா டிவி சத்தத்தைக் குறைக்கவே இல்லை, ஆனால் நாங்கள் கிளம்பும்போது ரிமோட்டை என் கையில் கொடுத்து அணைக்கச் சொன்னார்” என்று அறிக்கை சொன்னான். அவ்வளவுதான் அறிக்கை. கேட்டுக்கொண்டிருந்த மற்றச் சிறுவர்கள் அடுத்த வாரம் அந்த வீட்டுக்குத் தாங்களே போக வேண்டும் என்று போட்டியிட்டார்கள்.

நாகர்கோவில், வின்சென்ட் தே பவுல் சபை:
ஏழைகளுக்கு உதவும் எங்கள் சபையின் கதை சிறியது: அரிசி மூட்டையைத் தன் பைக்கில் ஏற்றித் தர வந்த இளைஞர் அப்படியே சபையில் தங்கிவிட்டார். 1833இல் பாரிசில் இச்சபை தொடங்கியபோது, அதை நிறுவியவர்களில் ஒருவரான மாணவர் ஓசானாமுக்கு வயது 20. திருச்சபையின் பழம்பெருமையைப் பேசுகிறீர்களே, இன்று ஏழைகளுக்கு என்ன செய்கிறீர்கள் என்று மாற்றுக் கருத்துள்ள மாணவர்கள் கேட்டதே அவரைத் தூண்டியது. அந்த மாணவியின் கேள்வியும் ஏறக்குறைய அதுதான். ஆகவே ஒன்று சொல்கிறேன்: பூசை முடிவில் பொதுவாக அறிவிப்பதை நிறுத்திவிட்டு, உறுதிபூசுதல் என்னும் அருட்சாதனம் பெற்ற பிள்ளைகளைத் தனித்தனியே வீட்டில் சென்று அழையுங்கள், ஞாயிறு காலை டியூஷன் இருக்கும் என்பதால் கூட்டத்தைச் சனி மாலைக்கு மாற்றுங்கள், வந்தவரை வாட்ஸ்அப் குழுவைக் கவனிக்கும் எடுபிடியாக்காதீர்கள், முதல் நாளே ஓர் ஏழை வீட்டுக்கு அரிசியோடு அனுப்புங்கள்.

பாளையங்கோட்டை உறுப்பினர்:
நாகர்கோவில் அன்பருக்கு: அரிசி உங்கள் சபைக்குப் பொருந்தும், பொருளுதவி செய்வதை எங்கள் கைநூல் அனுமதிப்பதில்லை. ஆனால் இளையோரிடம் பொறுப்பை ஒப்படைப்பது எங்களுக்குப் புதிதல்ல; காசநோயால் மெலிந்திருந்த அயர்லாந்து உறுப்பினர் ஈடல் குவினை 1936இல் தன் தூதராகக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிய இயக்கம் இது; அப்போது அவருக்கு வயது 29. தூத்துக்குடி அன்பருக்கு: சிறுவர் பிரசீடியம் 18 வயதோடு முடிந்துவிடுகிறது. அதன்பின் கல்லூரிக்குச் செல்லும் பிள்ளைகளை, பிரசீடியங்களை மேற்பார்க்கும் உங்கள் கூரியா எந்தப் பிரசீடியத்தில் சேர்க்கிறது? அதைக் கொஞ்சம் விரிவாக எழுதுங்கள்.