வார்டில் படுத்திருப்பவரை பீடியை விட வைப்பது யார் வேலை?

வார்டு நர்ஸ், மதுரை: நெஞ்சுவலியோடு வந்தவர், கொஞ்சம் நடக்க முடிந்ததும் கையில் ஊசிக் குழாயோடு கேட்டுக்கு வெளியே போய் பீடி பற்ற வைக்கிறார். நாங்களோ டிஸ்சார்ஜ் சீட்டில் 'புகை பிடிக்கக் கூடாது' என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிடுகிறோம். சேர்த்த அன்றைக்கே உட்கார்ந்து பேச ஒரு ஆள் வேண்டும், டாக்டர் சரி என்றால் பீடி ஏக்கத்தைத் தணிக்கும் நிகோட்டின் சூயிங்கமும் கொடுக்க வேண்டும்.

மேலூர்க்காரன்: எங்கள் அப்பா படுத்திருந்தபோது ரவுண்ட்ஸ் வந்த எல்லோரும் திட்டிவிட்டுத்தான் போனார்கள். வீட்டுக்கு வந்ததும் முதலில் கேட்டது பீடிக்கட்டு. விட நினைக்கிறவர் தானாக விடுவார் சிஸ்டர், நோயாளியை நிம்மதியாகப் படுக்க விடுங்கள்.

வார்டு நர்ஸ், மதுரை: திட்டுவதை நானும் உதவி என்று சொல்லவில்லை அண்ணே. நிறுத்திய முதல் 2, 3 நாளில்தான் எரிச்சல், தூக்கமின்மை, படபடப்பு எல்லாம் உச்சத்தில் இருக்கும், அந்த நாட்களில் அவர் எங்கள் வார்டில்தானே படுத்திருக்கிறார்?

திருமங்கலம் மருந்துக்கடை: சூயிங்கம் வாங்கிப் போகிறவர்கள் பாதியில் தூக்கிப் போடுவதற்குக் காரணம், யாரும் முறையைச் சொல்லித் தராததுதான். மிட்டாய் மாதிரி விடாமல் மென்று எச்சிலை விழுங்கினால் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் வரும். மெதுவாக மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்து ஓரம் ஒதுக்கி வைக்க வேண்டும், காரம் குறைந்ததும் திரும்ப மெல்ல வேண்டும். அதற்கு கால் மணி நேரம் முன்னாலிருந்தே டீ, காபி கூடாது. கடையில் கூட்டத்துக்கு நடுவே இதை எப்படி விளக்குவது? வார்டில் ஒரு தடவை காட்டிவிட்டால் போதும்.

மேலூர்க்காரன்: சரி, வார்டில் காட்டினீர்கள். அப்புறம்? வீட்டுத் திண்ணையில் கூட்டாளிகள் பக்கத்தில் உட்கார்ந்து ஊதும்போது யார் வருவார்கள்?

வார்டு நர்ஸ், மதுரை: நியாயமான கேள்வி. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் இதே முடிவுதான் வந்தது: ஆஸ்பத்திரியில் தொடங்கிய உதவி, வீட்டுக்குப் போன பிறகும் குறைந்தது ஒரு மாதம் தொடர்ந்தால்தான் பலன் தெரிகிறது. புகையிலையை விட போனிலேயே ஆலோசனை சொல்லும் மத்திய அரசின் இலவச எண் 1800-11-2356 இதற்காகவே இருக்கிறது.

மேலூர்க்காரன்: நம்பரை யார் வேண்டுமானாலும் எழுதித் தரலாம். எங்கள் அப்பா மாதிரி ஆள் செத்தாலும் தானாகக் கூப்பிட மாட்டார்.

வார்டு நர்ஸ், மதுரை: அப்படியென்றால் சீட்டு எழுதும் முன் வார்டிலிருந்தே அந்த எண்ணுக்கு நாங்கள் போன் போட்டு அவர் கையில் கொடுக்கிறோம், பக்கத்தில் உங்களைப் போல மகனோ மகளோ இருந்தால் இன்னும் நல்லது.

மேலூர்க்காரன்: அதற்கு ஒரு ஆளைப் போடச் சொல்லுங்கள். இருக்கிற நர்ஸ்கள் தலையில் கட்டினால் அதுவும் சீட்டில் இன்னொரு வரியாகத்தான் முடியும்.