சிப்பி ஆம்லெட் கொழகொழனு இருக்கு, வேகலையா?

கேள்வி: சிங்கப்பூர் வந்து 2 மாசம் ஆச்சுங்க, நான் இருக்குற அடுக்குமாடி ப்ளாக்குக்குக் கீழ ஹாக்கர் கடையில (சின்னச் சாப்பாட்டுக் கடை) சிப்பி ஆம்லெட் வாங்குனேன், ஓரம் மொறுமொறுனு நடுவுல கொழகொழனு இருந்துச்சு, செம ருசி, ஆனா அது வெந்துச்சா இல்லயா?

பதில்: அப்படித்தான் இருக்கணும் தம்பி. சக்கரவள்ளிக்கிழங்கு மாவைக் கரைச்சு கல்லுல ஊத்தி மேல முட்டையை உடைச்சு விடுவாங்க, அந்த மாவுதான் கொழகொழப்பு. சிப்பிய கடைசில போட்டு ஒரு பிரட்டு, அவ்ளோதான், ரொம்ப வெந்தா ரப்பராயிடும்.

பதில்: கூடவே ஹொக்கியன் மீ வாங்குங்க! மஞ்ச நூடுல்ஸும் பீஹூனும் (அரிசி சேமியா) எறா வேகவச்ச தண்ணியில ஊறி வரும், ஓரத்துல சம்பலும் (மிளகா விழுது) குட்டி எலுமிச்சையும் வைப்பாங்க, பிழிஞ்சு கிளறி சூடா அங்கயே சாப்புடணும், பார்சல் வேணாம்.

கேள்வி கேட்டவர்: பன்னிக் கொழுப்பு போடுவாங்களாண்ணே?

பதில்: நிறைய கடையில உண்டு, கேட்டுட்டு வாங்குப்பா.