வீடு வாங்கி நான்கு மாதம், ஆலங்கட்டி மழையில் ரூஃப் ஒழுகுகிறது. அவசரம் (டல்லாஸ்)

ஃப்ரிஸ்கோ புதுவரவு (சனி இரவு)
எல்லாருக்கும் வணக்கம். புதன்கிழமை ராத்திரி எலுமிச்சம்பழம் அளவுக்கு ஆலங்கட்டி விழுந்தது. மாடி பெட்ரூம் சீலிங்கில் நேற்று டீ சிந்திய மாதிரி ஒரு கறை இருந்தது. இன்று அது சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஆகி, நடுவில் லேசாகத் தொங்குகிறது. கீழே வாளி வைத்திருக்கிறேன். மனைவி ஆறு மாதக் கர்ப்பம். அந்த அறையைத்தான் குழந்தைக்கு என்று வைத்திருந்தோம். மறுபடி மழை என்று போனில் காட்டுகிறது. ரூஃப் மாற்ற எவ்வளவு ஆகும்? தயவுசெய்து யாராவது சொல்லுங்கள்.

பிளேனோ வாசி
தம்பி, வந்த கையோடு வீடு வாங்க வேண்டாம் என்று நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். நாங்கள் 2011 ஜனவரியில் வந்தோம். பிப்ரவரியில் ரோடெல்லாம் ஐஸ், பள்ளிக்கூடம் நாள்கணக்கில் மூடல். காரும் கிடையாது. பையனுக்குக் காய்ச்சல் மருந்து வாங்க ஒரு மைல் வழுக்கி வழுக்கி நடந்தேன். மூன்று வருஷம் அபார்ட்மெண்டில் இருந்துவிட்டுத்தான் வீடு பார்த்தோம். வாடகை வீடு என்றால் ரூஃப் கவலை நமக்கு இல்லை.

ஆலன் அண்ணன்
ரூஃபின் அளவே தெரியாமல் யாரும் விலை சொல்ல முடியாது தம்பி. இங்கே ஸ்கொயர் கணக்கு. நூறு சதுர அடி ஒரு ஸ்கொயர். வீட்டின் சதுர அடி வேறு, ரூஃபின் சதுர அடி வேறு. சரிவும் மூலைகளும் கூடக் கூட விலை ஏறும். ஆனால் எவ்வளவு ஆனால் என்ன, இன்சூரன்ஸ் இருக்கிறதே. இன்று ராத்திரியே க்ளெய்ம் போடுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

மெக்கின்னி மாமி
அவசரப்பட்டு க்ளெய்ம் போடாதீர்கள். நாங்கள் போட்டோம். டிடக்டிபிள், அதாவது முதலில் நம் கையிலிருந்து போட வேண்டிய தொகை, அதைவிடச் சேதம் குறைவு என்று ஒரு டாலர் கூட வரவில்லை. ஆனால் க்ளெய்ம் போட்ட விவரம் ஏழு வருஷம் ரெக்கார்டில் நிற்கும். அடுத்த வருஷம் பிரீமியமும் ஏறியது.

ஆலன் அண்ணன்
பிரீமியம் இந்தப் பக்கம் எல்லாருக்குமே ஏறியது, க்ளெய்ம் போடாத எனக்கும்தான். தண்ணீர் உள்ளே வந்த பிறகு காத்திருக்கச் சொல்வது சரியில்லை மாமி.

பிளேனோ வாசி
ஊரில் அப்பா 1984ல் போட்ட கான்கிரீட் தளம் இன்னும் அப்படியே நிற்கிறது. மொட்டைமாடியில் வத்தல் காயப்போடுகிறோம். இங்கே ஐந்து லட்சம் டாலர் கொடுத்து மரச்சட்டத்தின்மேல் தார் அட்டை.

இர்விங் தோழி
அதே வயிற்றெரிச்சல்தான் எனக்கும். வருஷா வருஷம் சொத்து வரி, அதற்குமேல் ஹெச்ஓஏ என்ற குடியிருப்புச் சங்கம். ஷிங்கிள், அதான் ரூஃப் மேல் போடும் அந்தத் தார் அட்டை, என்ன நிறத்தில் போடலாம் என்பதற்குக்கூட அவர்களிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது.

கரால்டன் அக்கா
கொஞ்சம் நிறுத்துங்கள். அந்த வீட்டில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கிறது. தம்பி, முதலில் அந்த அறை லைட்டின் பிரேக்கரை ஆஃப் செய்யுங்கள். தொங்குகிற இடத்துக்கு நேர்கீழே வாளியை நகர்த்தி, ஓரமாக நின்றுகொண்டு ஸ்குரூடிரைவரால் சின்ன ஓட்டை போடுங்கள். தேங்கியது அதன் வழியாக இறங்கிவிடும். இல்லையென்றால் சீலிங்கின் மொத்த ஷீட்ராக் பலகையும் ஒரே நேரத்தில் விழும். ஓட்டை போடும் முன் போட்டோ, போட்ட பிறகும் போட்டோ. ரூஃப் மேல் நீங்கள் ஏறவே வேண்டாம். காலையில் ஆளைக் கூப்பிட்டு ரூஃப் மேல் டார்ப் (தார்ப்பாய்) போடச் சொல்லுங்கள். சேதம் பரவாமல் தற்காலிகமாகத் தடுப்பது நம் பொறுப்பு என்று பாலிசியிலேயே இருக்கும். அதற்கான நியாயமான செலவை க்ளெய்மில் சேர்க்கலாம்.

அப்புறம் மூன்று விஷயம் சொல்லுங்கள். பாலிசியின் முதல் பக்கத்தில் விண்ட் அண்ட் ஹெயில் (காற்று, ஆலங்கட்டி) டிடக்டிபிள் என்ன? ரூஃபுக்கு என்ன வயசு? யாரிடமாவது கையெழுத்துப் போட்டீர்களா?

ஃப்ரிஸ்கோ புதுவரவு
ஓட்டை போட்டேன் அக்கா, அரை வாளி இறங்கியது. ரொம்ப நன்றி. டிடக்டிபிள் 2% என்று இருக்கிறது. வீட்டுக்கான கவரேஜ் 4,80,000. வாங்கும்போது இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டில் ரூஃபுக்குப் 14 வயசு என்று எழுதியிருந்தார்கள். வியாழன் சாயங்காலம் இரண்டு பேர் கதவைத் தட்டினார்கள். ரூஃப் பார்க்க அனுமதி மட்டும்தான் என்று சொன்னதால் டேப்லெட்டில் கையெழுத்துப் போட்டேன். டிடக்டிபிளை அவர்களே பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார்கள்.

கரால்டன் அக்கா
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம் தம்பி. பரவாயில்லை, நேரம் இருக்கிறது. ஈமெயிலில் அந்தத் தாளின் நகல் வந்திருக்கும். இன்சூரன்ஸ் பணம் தந்தால் வேலை எங்களுக்கே என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். வீடு தேடி வந்து போடவைத்த ஒப்பந்தத்தை மூன்று வேலைநாளுக்குள் ரத்து செய்யலாம். சனிக்கிழமை கணக்கில் வரும், ஞாயிறு வராது. வியாழன் போட்டீர்கள் என்றால் திங்கள் நள்ளிரவு வரை. ரத்து செய்கிறேன் என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டு, திங்கள் காலை சர்டிஃபைட் மெயிலில் அனுப்புங்கள். போனில் சொன்னால் போதாது.

டிடக்டிபிளைத் தள்ளுபடி செய்வது டெக்சாஸில் குற்றம். 2019 செப்டம்பர் 1 முதல் சட்டம் தெளிவாகவே சொல்கிறது. நீங்கள் கட்டியதற்கு ஆதாரம் காட்டச் சொல்லி இன்சூரன்ஸ் கம்பெனி கேட்கலாம். இங்கே ரூஃபருக்கு மாநில லைசென்ஸே கிடையாது. புயல் அடித்த மறுநாள் யார் வேண்டுமானாலும் விசிட்டிங் கார்டு அடித்துக்கொண்டு வரலாம். உங்கள் சார்பில் இன்சூரன்ஸிடம் பேரம் பேச ரூஃபருக்கு அனுமதியும் இல்லை.

மெக்கின்னி மாமி
கவரேஜில் 2% என்றால் 9,600 டாலர் கைக்காசு. நான் பயந்தது இதற்குத்தான்.

கரால்டன் அக்கா
உண்மைதான் மாமி. அதனால்தான் முதலில் எஸ்டிமேட் வேண்டும். போன வருஷம் எங்கள் வீட்டுக் கணக்கைச் சொல்கிறேன், எங்களுக்கும் அதே டிடக்டிபிள். 32 ஸ்கொயருக்கு, இன்சூரன்ஸ் சார்பில் சேதம் கணக்கிட வந்த அட்ஜஸ்டர் போட்டது 17,800. ரூஃப் பழசு என்று தேய்மானம் 7,000 கழித்தார்கள், டிடக்டிபிள் 9,600 கழித்தார்கள். முதல் செக் வெறும் 1,200. அதைப் பார்த்து நான் அழுதேவிட்டேன். ஆனால் எங்களுடையது ரீப்ளேஸ்மெண்ட் காஸ்ட் பாலிசி. வேலை முடித்து பில் அனுப்பிய பிறகு அந்த 7,000 வந்தது. தேய்மானம் கழித்தே தரும் ஆக்சுவல் கேஷ் வேல்யூ பாலிசி என்றால் அது வராது. பழைய ரூஃபுக்கு இதைத்தான் பல கம்பெனிகள் தருகின்றன. உங்கள் பாலிசியில் ரூஃபுக்கு எது என்று பாருங்கள், மொத்த முடிவும் அதில்தான் இருக்கிறது. செக்கில் மார்ட்கேஜ் (வீட்டுக் கடன்) கம்பெனி பெயரும் இருந்தால் அவர்கள் கையெழுத்தும் வேண்டும், அதற்கு நாளாகும்.

ஆலன் அண்ணன்
நாளை வெளிச்சத்தில் கீழே நின்றே பாருங்கள் தம்பி. தண்ணீர் இறங்கும் குழாய் வாயில் கறுப்பு மணல் குவிந்திருந்தால் அது ஷிங்கிளிலிருந்து உதிர்ந்தது. ஏசி யூனிட்டின் தகட்டில் பள்ளம் இருந்தாலும் ஆலங்கட்டிக்கு அதுவே சாட்சி. உள்ளூரில் பல வருஷமாக ஆபீஸ் வைத்திருக்கும் இரண்டு பேரிடம் தனித்தனியாக எஸ்டிமேட் வாங்குங்கள். அட்ஜஸ்டர் வரும்போது அவர்களில் ஒருவரையும் வரச் சொல்லுங்கள்.

ஃப்ரிஸ்கோ புதுவரவு (திங்கள் மாலை)
அக்கா சொன்ன வரி அந்தத் தாளில் இருந்தது. காலையில் போஸ்ட் ஆபீஸ் திறந்ததும் கடிதம் அனுப்பிவிட்டேன், ரசீது கையில். நேற்று டார்ப் போட்டாயிற்று, 450 ஆனது. குழாய் வாயில் இரண்டு கை மணல் இருந்தது. பாலிசி ரீப்ளேஸ்மெண்ட் காஸ்ட்தான். எஸ்டிமேட் ஒன்று 19,200, இன்னொன்று 17,500. க்ளெய்ம் போட்டுவிட்டேன், வியாழக்கிழமை அட்ஜஸ்டர் வருகிறார். மனைவி இரண்டு நாளாக இப்போதுதான் தூங்குகிறாள்.

கரால்டன் அக்கா
நல்லது தம்பி. டார்ப் ரசீதையும் அந்த மணலையும் போட்டோ எடுத்து வையுங்கள். இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டில் உள்ள ரூஃப் படங்களை பிரிண்ட் எடுத்து அட்ஜஸ்டரிடம் கொடுங்கள். நான்கு மாதத்துக்கு முன்னால் அது எப்படி இருந்தது என்று அவருக்கும் தெரியட்டும்.